டப்பா நிறைய ஈ, பழம் நிறையப் புழு

கேள்வி: சொந்த ஊர் காரைக்கால். 20 வருடமாக பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் இருக்கிறோம். சேன்-போல் பக்கம் 60 மாமரம், பெரும்பாலும் ஜோசே ரகம். 2017ல் புது பழ ஈ தீவுக்குள் வந்ததிலிருந்து நிம்மதி போயிற்று. மெத்தில் யூஜினால் என்ற, ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் வைத்த பொறி 15 கட்டினேன். டப்பா டப்பாவாக ஈ விழுகிறது. ஆனாலும் நாலு பழம் அறுத்தால் மூன்றில் புழு. உதிர்ந்ததை வேலியோரக் குழியில் கொட்டி மண் தள்ளிவிடுகிறோம். கடைக்காரர் பொறியை இரட்டிப்பாக்கி, வாரம் ஒரு முறை மரம் முழுக்க மருந்தடிக்கச் சொல்கிறார். எந்த மருந்து அடிக்கலாம்? அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார், ஏதாவது கொடுத்தனுப்ப முடியுமா?

பதில்: மருந்துக்கு அப்புறம் வருகிறேன். ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அந்தக் குழி எத்தனை ஆழம்?

உதிர்ந்த பழத்திலிருந்து வெளியே வரும் புழு வில்லாக வளைந்து துள்ளித் துள்ளிப் போய், மேல்மண்ணில் ஓரிரு அங்குலத்திலேயே கூட்டுப்புழுவாகிவிடும். சுமார் பத்து நாளில் ஈ. நீங்கள் அதற்குத் துள்ளும் சிரமத்தைக்கூட வைக்கவில்லை. என் சித்தப்பா தன் கொய்யாத் தோப்பில் இப்படித்தான் ஓர் அடி ஆழத்தில் புதைத்தார். சந்தேகப்பட்டு குழிமேல் கொசுவலையைப் போட்டு ஓரத்தில் கல் வைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால் வலைக்கு உள்பக்கம் இறக்கை காயாத ஈக்கள் மொய்த்துக் கிடந்தன. அன்றிலிருந்து குழி என்றாலே எனக்கு ஆகாது. புதைத்தே தீருவேன் என்றால் இரண்டு அடிக்கு மேல் மண் மூட வேண்டும். தினமும் யார் தோண்டுவது?

அதைவிட ஒரு வலைக்கூடாரம் அடியுங்கள். ஹவாயில் தொடங்கிய யோசனை, உங்கள் தீவிலேயே காய்கறித் தோட்டங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். உதிர்ந்த பழத்தை அதற்குள் கொட்டி, அடிப்பக்கம் இடுக்கில்லாமல் மூடிவிட வேண்டும். வலைக்கண் ஈ நுழையாத அளவு, ஆனால் ஒட்டுண்ணிக் குளவி நுழையும் அளவு. ஃபோபியஸ் அரிசானஸ் என்ற குளவி ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். ஈ வரவேண்டிய கூட்டிலிருந்து குளவி வரும். ஈ உள்ளேயே சாகும், குளவி தோப்புக்குத் திரும்பும். கூடாரம் வரும்வரை கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். பன்றி வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தினமும் பொறுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். வேலிக்கு வெளியே கொய்யாவும் நாட்டு வாதுமையும் உதிர்ந்து கிடந்தால் அதையும்.

பொறிக்கு வருவோம். துளசியை நசுக்கி வைத்தால் ஈ வருமே, அதிலும் இந்த மெத்தில் யூஜினால்தான். வருவது ஆண் மட்டும். பழத்தில் குத்துகிற பெண் அந்தப் பக்கமே திரும்பாது. 1960களில் பசிபிக்கில் ரோட்டா தீவில், இதிலும் பூச்சிமருந்திலும் நனைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு இதே ஈயை ஒழித்தார்கள், உண்மைதான். அது 85 சதுர கிலோமீட்டர் தீவு, முழுத் தீவிலும் போட்டார்கள். உங்களுடையது 2,500. அறுபது மரத்தில் முப்பது டப்பா தொங்கவிட்டால் பக்கத்துத் தோப்பு ஆண் ஈயும் விருந்துக்கு வரும், அவ்வளவுதான். இரட்டிப்பாவது கடைக்காரரின் விற்பனை. இருக்கிற பதினைந்தை ஈ ஏறுகிறதா இறங்குகிறதா என்று எண்ணிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் முழுக்க மருந்தடிப்பது வேண்டவே வேண்டாம். பழத்துக்குள் இருக்கும் புழுவுக்கு அது போய்ச் சேராது. குளவிக்குப் போய்ச் சேரும். முட்டை வைக்க பெண் ஈக்குப் புரதம் வேண்டும். அதனால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கலந்த புரதத் தீனியை, மரத்துக்கு ஓர் இடத்தில், இலைமேல் மட்டும், வாரம் ஒரு முறை தெளியுங்கள். மழை பெய்தால் மறுபடி. பிரான்ஸ் சட்டப்படி இதை மாமரத்தில் தெளிக்க இப்போது அனுமதி இருக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழத்தை நன்றாக முற்றியதும் பச்சையாகவே பறித்துவிடுங்கள்.

அம்மாவிடம் ஒன்றும் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. பெட்டியில் மாம்பழம் மட்டும் எடுத்துவர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊறுகாய் போட்டுக் கொண்டுவரட்டும்.