கல்வெட்டுக் குழுவுக்கு மின்னஞ்சலா, மன்றமா?

வணக்கம் ஐயா. உங்கள் கல்வெட்டு வாசிப்புக் குழுவில் மூத்தவர்கள் மின்னஞ்சலைக் கைவிட மறுக்கிறார்கள், இளையவர்கள் இணைய மன்றம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூத்தவர்களை இழந்துவிடாதீர்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். மின்னஞ்சல் பழசு என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிரல் திருத்தங்கள் இன்றும் மடற்குழுவில்தான், அதாவது உறுப்பினர் அனைவருக்கும் போகும் மின்னஞ்சல்களில்தான், அலசப்படுகின்றன.

ஆனால் உங்கள் வேலை படங்களைச் சார்ந்தது. ஒரு மசிப்படியை (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படியை) ஆறு மாதம் கழித்தும் ஒருவர் புதிதாக வாசித்துச் சொல்வார். அந்தப் படத்தைப் பற்றிய பழைய விவாத இழை உடனே கிடைக்க வேண்டும். அதற்கு மன்றமே ஏற்றது. மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளைப் பாருங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியின் உருவாக்குநர்கள் 2022இல் தங்கள் மடற்குழு விவாதங்களை அதற்குத்தான் மாற்றினார்கள். ஒவ்வொரு பதிவும் மின்னஞ்சலாக வரும்படியும், அதிலிருந்தே பதில் எழுதும்படியும் நிர்வாகி அமைத்துத் தரலாம். மூத்தவர்களுக்கு எதுவும் மாறாது.

அதற்கு முன் பழைய மடல்களைக் காப்பாற்றுங்கள். யாஹூ நிறுவனத்தின் மடற்குழுச் சேவையான யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்தவை 2019 இறுதியில் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. எவ்வளவு உழைப்பு போயிற்று! உங்களுடையது கூகுள் குழுமம் என்றால், உரிமையாளர் கணக்கில், தரவுகளை நகலெடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக மடல்களைத் தரவிறக்கலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.