பிறந்தது எத்தனை, இருக்கிறது எத்தனை

அன்புள்ள அக்கா,

என் மகள் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம். எஸ்.எம்.ஏ. டைப் 1, தசையை இயக்குகிற நரம்பு செல்கள் செத்துப்போகிற மரபணு நோய். 13 மாதம் இருந்தாள். கை கால் அசையாது, ஃபேனில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம், அதோடு கண் மட்டும் சுற்றும். நான் கட்டிக்கொண்டது அத்தை மகனை. சொந்தத்தில் கட்டினதால் வந்தது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாது, போட்டோவும் மாட்டாதே என்கிறார் அத்தை. என் வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை, ஆனால் சளி உறிஞ்சும் மெஷினைப் பரணிலிருந்து இறக்க விடமாட்டேன் என்கிறார். இந்த நோய்க்குப் போடுகிற 16 கோடி ரூபாய் ஊசிக்கு இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமோ? போன வாரம் பார்க்கில் ஒரு அம்மா ‘எத்தனை குழந்தைங்க?’ என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

எஸ், கொளத்தூர்

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் நீளம், சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி பாப்பாவின் பெயரையும் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது எண்ணினேன், 11 இடம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது நாங்கள் புரசைவாக்கத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அம்மா கொடுத்த மோரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, ஃபாரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, ‘பிறந்தது எத்தனைம்மா, இருக்கிறது எத்தனை?’ என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. ‘நாலு. மூணு.’ எனக்கு அப்போது 17 வயது, எனக்கு மூத்தவனாக ஒருத்தன் இருந்தான் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். டீச்சர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன அம்மா அந்த ஒரு டம்ளரை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். கல்யாண வீட்டிலும் தண்ணி லாரி வரிசையிலும் அத்தனை வருஷமாக ‘மூணு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டில் யாரும் கேட்காததை சர்க்கார் ஃபாரம்தான் கேட்டது, அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது!

அதனால், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இறங்குங்கள், அது பொய்யில் சேராது. பார்க்கில் தினம் பார்க்கிற முகம் என்றால், ‘ஒரு பொண்ணு இருந்தா, போன வருஷம் போயிட்டா’ என்று முழுசாகச் சொல்லுங்கள். அந்த அம்மா திணறித்தான் போவார். திணறட்டும், அதைச் சரிசெய்கிற வேலை உங்களுடையது இல்லை.

சொந்தத்தில் கட்டிய விஷயத்தில் மழுப்ப மாட்டேன், அது வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் இந்த நோயின் பழுதான மரபணுவை, தனக்கு ஒன்றும் இல்லாமல் சுமக்கிறவர்கள் சுமார் 50 பேருக்கு ஒருவர். அதனால்தான் ஒட்டும் உறவும் இல்லாத ஜோடிகளிலும், ரெண்டு பேருமே சுமக்கிறவர்களாக அமைந்துவிட்டால், குழந்தைக்கு வருகிறது. உங்கள் வீட்டில் அது பெரும்பாலும் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே, உங்கள் அப்பா வழியாகவும் அத்தை வழியாகவும் இறங்கியிருக்கும். போட்டோ வேண்டாம் என்கிற அத்தைக்கு இது தெரியுமோ என்னவோ, தெரிந்தால் அவருக்கும் சுவரைப் பார்க்கப் பயம் இருக்காதா? திதி இல்லை என்றால் செய்தாக வேண்டிய கடமை இல்லை என்றுதான் அர்த்தம், நினைக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரியும் சொல்லி நான் கேட்டதில்லை. போட்டோவை மாட்டுங்கள். ஹாலில் முடியாவிட்டால் உங்கள் அறையில்.

ஊசி பற்றி. 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதே அதன் விலை 21 லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணத்தைச் சம்பளக்காரர் புரட்ட முடியாமல் போனதை ஓடாத குற்றம் என்று எழுதுகிறீர்களே, எனக்குக் கோபம்தான் வந்தது. போட்டிருந்தாலும், அதற்குள் செத்துவிட்ட நரம்பு செல்களை அது திருப்பித் தராது. கண்டுபிடிக்கும்போதே பாப்பாவுக்கு ஏழு மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த குழந்தை பற்றி உறவுக்காரர்கள் கணக்குப் போடுவதைக் காதில் வாங்காதீர்கள். ‘நாலில் ஒண்ணு போயிடுச்சு, இனி மூணு நல்லபடி’ என்பது தப்பு. ஒவ்வொரு முறையும் அதே 25 சதவீதம்தான். எப்போதாவது வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், முதலில் ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். 11 வாரத்துக்கு மேல் நச்சுக்கொடியில் துளி எடுத்துச் சோதிக்க வழி இருக்கிறது.

அப்புறம் அந்த மெஷின். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து குழாயை விட்டுச் சளியை இழுத்தது உங்கள் வீட்டுக்காரர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாப்பாவுக்காக அவர் கையால் செய்த வேலை அது ஒன்றுதான் போல, பரணில் இருப்பது அந்த வேலை. இருக்கட்டும். அவராக இறக்குகிற நாளில் பாப்பாவைப் பார்த்த டாக்டரிடமே கேட்டால், தேவைப்படுகிற வீட்டைச் சொல்வார்.

ஃபேனில் கட்டிய ரிப்பன் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா