வாசகர் கேள்வி பதில்: நாடுகாணி தாண்டினால் சட்டம் வேறு!

கேள்வி: எம்.எல்.ஏ. கட்சி மாறினால் பதவி போகும் என்கிறார்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் ஜெயித்த கட்சியை விட்டுவிட்டு வேறு கட்சியில் சால்வை வாங்கிக்கொண்டு ஜம்மென்று சுற்றுகிறார். அவர் பதவி ஏன் போகவில்லை?
வாசகர், குன்னூர்

பதில்: வார்டு எண்ணையும் பெயரையும் எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பதவி போகாது சார். 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. 15 நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறி ‘ஆயா ராம், கயா ராம்’ (வந்தார் ராம், போனார் ராம்) என்று நாடே சிரித்தது. அப்புறமும் ஆற அமர 1985-ல்தான் அரசியல் சட்டத்தில் 52-வது திருத்தம் வந்து, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. அது எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் மட்டும்தான். நகராட்சிகளும் ஊராட்சிகளும் அரசியல் சட்டத்துக்குள் முறையாக நுழைந்ததே அதற்குப் பிறகு, 1992-ல் நிறைவேறிய 73, 74-வது திருத்தங்களால். எதற்கெல்லாம் உறுப்பினர் பதவி போகலாம் என்று சட்டம் போடும் வேலையை அந்தத் திருத்தங்கள் மாநிலங்களிடம் விட்டுவிட்டன, நம் மாநிலம் அந்தப் பட்டியலில் கட்சித் தாவலைச் சேர்க்கவில்லை. கூட்டத்துக்குத் தொடர்ந்து வராமல் வீட்டில் போர்த்திப் படுத்திருந்தால் பதவிக்கு ஆபத்து உண்டு, ஆனால் ஒழுங்காக வந்து எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டால் ஒன்றும் இல்லை!

கேள்வி: கேரளத்து வழிக்கடவில் இருக்கும் என் மச்சான், அவர்கள் ஊரில் பஞ்சாயத்து மெம்பர் கட்சி மாறினாலும் பதவி காலி என்கிறார். அளக்கிறாரா?
வாசகர், கூடலூர்

பதில்: அளக்கவில்லை. கேரளத்தில் 1999-லேயே உள்ளாட்சிகளுக்கென்று தனியாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் போட்டுவிட்டார்கள். கட்சியைத் தானாக விட்டாலும் சரி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் சரி, பதவி போவதோடு 6 வருடம் தேர்தலிலும் நிற்க முடியாது. சுயேச்சையாக ஜெயித்துவிட்டுக் கட்சியில் சேர்ந்தாலும் இதே கதிதான். தீர்ப்பு சொல்வது அங்கே மாநிலத் தேர்தல் ஆணையம். எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்ததே அதுதான். சட்டமன்றத்தில் அந்த அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கிறது, அவரும் ஒரு கட்சியிலிருந்து வந்தவர்தானே. 2017-ல் தமிழ்நாட்டில் 18 எம்.எல்.ஏ.க்களை ஒரே நாளில் தகுதிநீக்கம் செய்த சபாநாயகர் நம் நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் வரும் அவிநாசியின் அப்போதைய எம்.எல்.ஏ. அங்கே அவ்வளவு வேகம். வேறு மாநிலங்களில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மனுவைக் கிடப்பில் போட்ட சபாநாயகர்களும் உண்டு. நாடுகாணி தாண்டி மலையிறங்கினால் மலப்புறம், தாளூர் தாண்டினால் வயநாடு. பேருந்தில் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் சட்டம் மாறிவிடுகிறது.

கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவர் ஜெயித்ததும் ஒரு கட்சியில் சேர்ந்தார். இதுவும் தாவல்தானே?
வாசகி, மன்னவனூர், கொடைக்கானல்

பதில்: சட்டப்படி அவர் தாவவே இல்லை அம்மா. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சி சார்பில்லாமல் நடப்பது. ஒன்றியக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சிச் சின்னம். 2019 டிசம்பரில் உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் அப்படித்தான் நடந்தது, அந்தப் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துபோனது. பூட்டு சாவிக்கும் கைஉருளைக்கும் ஓட்டுப் போட்டாலும், யார் எந்தக் கட்சி என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: “வார்டுக்கு வேலை நடக்கத்தான் மாறினேன்” என்கிறார் எங்கள் கவுன்சிலர். கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது?
வாசகர், கோத்தகிரி

பதில்: பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மலையில் ஒரு வார்டு என்றால் படிக்கட்டு நடைபாதை, தடுப்புச் சுவர், மேட்டு வீடுகளுக்கு ஏறாத தண்ணீர் என்று எல்லாமே காசு. அந்தக் காசு கூட்டத்தில் தீர்மானமாகி டெண்டருக்குப் போக வேண்டும். தலைவர் பக்கம் இல்லாதவர் வார்டு வரிசையில் கடைசிக்குப் போய்விடும், பருவமழைக்கு மண் சரிந்த பிறகுதான் ஜே.சி.பி. வரும் என்று அவர் பயப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் மீதிப் பாதியையும் பாருங்கள். 2011-ல் நகராட்சித் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம், 2022-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். குன்னூரில் 30 வார்டு, 16 தலை இருந்தால் நாற்காலி. இந்தக் கணக்கில் ஒரு தலைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே புரியும், அந்த மதிப்பு வார்டுக்குத்தான் வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி. கோபத்தில் திட்டுவதை விட ஒரு வேலை செய்யுங்கள். மாறுவதற்கு முந்தைய வருடம் உங்கள் வார்டில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு செலவு, மாறிய பிறகு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான் கட்டணம். பதிலை நகல் எடுத்துக்கொண்டு, வார்டு மக்கள் கூடும் பகுதி சபா கூட்டத்துக்குப் போய் அவர் முன்னாலேயே சத்தமாகப் படியுங்கள். தொகை ஏறியிருந்தால் என் சார்பிலும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ஏறாவிட்டால் அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் வேறு: மாறுவதற்கு முன்னால் கூட்டத்தில் எழுந்து “இந்த பில் ஏன் இவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு ஆளும் இப்போது வாயைத் திறப்பதில்லை.

கேள்வி: கட்சி மாறியவர்கள் பழைய கரைவேட்டிகளை என்ன செய்வார்கள்?
வாசகி, ஊட்டி

பதில்: அந்துருண்டை போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த தேர்தலுக்கு யார் கண்டது?