அணுமின் நிலைய ஷட்டவுன் வேலைக்குத் தம்பியை அனுப்பலாமா?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு 24 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு அல்ட்ராசோனிக் டெஸ்டிங்கில் லெவல் 2 சான்றிதழ் வாங்கியிருக்கிறான். அணுமின் நிலைய ஷட்டவுனில் 45 நாள் வேலை இருக்கிறது என்று ஒரு கான்ட்ராக்டர் கூப்பிடுகிறார். கதிர்வீச்சு என்றதும் அம்மா ஒரே அழுகை. நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது ஏதாவது ஆகுமா? அனுப்பலாமா? என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?"

அனுப்பலாம். (ஷட்டவுன் என்றால் பராமரிப்புக்காகவும் சோதனைக்காகவும் உலையை நிறுத்தி வைக்கிற காலம். அல்ட்ராசோனிக் டெஸ்டிங் என்பது ஒலியலையை உலோகத்துக்குள் செலுத்திச் சோதிப்பது.) ஆனால் கான்ட்ராக்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. தம்பி அங்கே கவனிக்க வேண்டியவற்றில் பாதிக்குமேல் கதிர்வீச்சோடு சம்பந்தமில்லாதவை. அது ஏன் என்று சொல்வதற்கு முன், அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்பவருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, தொடர்ந்து ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: மண், காற்று, உணவு, வானம் என்று இயற்கையிலிருந்து உலகில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதால் அங்கே அதைவிடக் கூடுதல். ஆண்களுக்குத் தற்காலிகமாகவாவது விந்தணு குறைய வேண்டுமென்றால் 100 மில்லிசீவர்ட்டுக்கும் மேலே ஒரே தடவையில் அந்த உறுப்பில் பட வேண்டும். ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். பரம்பரைக் குறை கூடியதாக அவர்களிடம் தெரியவில்லை. அதனால் கல்யாணம், குழந்தை விஷயத்தில் அம்மா நிம்மதியாக இருக்கலாம்.

வரம்பு இருந்தால் மட்டும் போதாது, அளவு உண்மையாகப் பதிவாக வேண்டும். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் ஒரு டிஎல்டி பேட்ஜ் உண்டு. அதில் சிறிய வில்லைகள் மூன்று இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அதன் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக விடும். அந்த ஒளியை அளந்துதான் டோஸ், அதாவது உடம்பில் பட்ட அளவு, சொல்வார்கள். அப்படியானால் பேட்ஜ் சொல்வது நடந்து முடிந்த கதையை. இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்காகத்தான் எண்ணைக் காட்டும், அளவு மிஞ்சினால் கத்தும் இன்னொரு டோசிமீட்டரையும் கொடுக்கிறார்கள். இரண்டுமே நெஞ்சில் இருக்க வேண்டும். வியர்க்கிறது, உறுத்துகிறது என்று பையில் போட்டு வைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். "டோஸ் ஏறினால் வேலைக்கு விடமாட்டார்கள்" என்று வேண்டுமென்றே கழற்றி வைக்கிறவர்களும் உண்டு. தம்பியிடம் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால், இரண்டையும் கழற்றக் கூடாது என்பதைச் சொல்லுங்கள்.

உடனுக்குடன் காட்டும் கருவி ஏன் வேண்டும் என்பதற்குக் கல்பாக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் (மின் நிலையத்தில் அல்ல) ஒரு வால்வு பழுதாகி, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் வீரியம் மிகுந்த கழிவு புகுந்துவிட்டது. அந்த இடத்தில் எச்சரிக்க மானிட்டர் இல்லை. வழக்கமான மாதிரி என்று நினைத்து எடுக்கப் போன ஊழியர்கள் உட்பட ஆறு பேருக்கு ஆண்டு வரம்பைப் பல மடங்கு மிஞ்சிய டோஸ் பட்டது. இடத்துக்கான மானிட்டரும் ஆளுக்கான அலாரமும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. இரண்டும் வேண்டும்.

எந்த நிலையம் என்று நீங்கள் எழுதவில்லை. கல்பாக்கம் என்றால் கன நீர் உலைகள். அந்தக் கன நீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேரும். அது மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும், டிஎல்டி பேட்ஜில் தெரியாது. அதைச் சிறுநீர் மாதிரியில்தான் பார்க்க முடியும். கூச்சப்படாமல் சொன்ன நேரத்துக்கு மாதிரி கொடுக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உடம்பிலிருந்து பாதி டிரிட்டியம் வெளியேறச் சுமார் பத்து நாள் ஆகும், தண்ணீர் குடிக்கக் குடிக்க அது குறையும். காற்றுக் குழாய் பொருத்திய பிளாஸ்டிக் உடையைப் போடச் சொன்னால் போட்டுத்தான் ஆக வேண்டும். கூடங்குளம் என்றால் ரஷ்ய வகை அழுத்த நீர் உலைகள். அங்கே டிரிட்டியத் தொல்லை மிகக் குறைவு. அதற்குப் பதிலாகக் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

உலையின் நெஞ்சுக்குள் உங்கள் தம்பியை யாரும் அனுப்பப் போவதில்லை. கன நீர் உலையின் குளிர்விப்புக் குழல்களைச் சோதிக்க பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பார்சிஸ்' என்ற தூர இயக்கக் கருவி இருக்கிறது. நீராவி ஜெனரேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் எடி கரன்ட் புரோபை (மின்சுழலால் பழுதைத் தேடும் ஆய்வு முனையை) தள்ளுவதற்கும் இயந்திரக் கைகள் உண்டு. ஷட்டவுனுக்கு வருகிற அல்ட்ராசோனிக் ஆட்களுக்குப் பெரும்பாலும் வெல்டுகளும் குழாய்ச் சுவர்த் தடிமனும்தான் வேலை. அதில் நிறையப் பகுதி டர்பைன் பக்கம். அங்கே கதிர்வீச்சு இல்லை, அதனால் பயமும் இல்லை. நான் கவலைப்படுவதே அந்த இடத்தைப் பற்றித்தான்.

ஜப்பானின் ஃபுகுயி மாகாணத்தில் மிஹாமா அணுமின் நிலையம் இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 9 அன்று அதன் 3-ம் அலகில் டர்பைன் கட்டடத்துக்குள் 56 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வெடித்துத் திறந்துகொண்டது. உள்ளே ஓடியது 140 டிகிரி சூட்டில் அழுத்தத்தோடு இருந்த தண்ணீர். வெளியே வந்ததும் நீராவியாகக் கட்டடத்தை நிறைத்தது. ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயப்பட்டார்கள். பதினொரு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆகஸ்ட் 14 அன்று தொடங்க வேண்டிய ஷட்டவுனுக்காகச் சாமான்களைத் தயார் செய்துகொண்டிருந்தவர்கள். உலை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. கதிரியக்கம் துளிகூட வெளியேறவில்லை.

ஆரம்பத்தில் அந்தக் குழாய்ச் சுவர் 10 மில்லிமீட்டர். குறைந்தது 4.7 இருந்திருக்க வேண்டும். வெடித்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. ஓட்டத்தை அளக்க வைத்த ஆரிஃபிஸ் தகட்டுக்கு (நடுவில் துளையுள்ள தகடு) அடுத்த பகுதி அது. அந்த இடத்தில் தண்ணீர் சுழன்று கொந்தளிக்கும். சாதாரண கார்பன் ஸ்டீலின் உள்பக்கத்தில் காப்பாக இருக்கும் ஆக்சைடு படலத்தை அந்தச் சூடான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புதிதுபோல இருக்கும். 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 'சர்ரி' (Surry) அணுமின் நிலையத்தில் இதே தேய்மானத்தால் ஒரு வளைவு வெடித்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். அதனால் காரணம் யாருக்கும் தெரியாதது அல்ல. மிஹாமா அலகு 1976-ல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தில் ஒரு தடவைகூடப் புரோப் வைக்கப்படவில்லை. சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. 2003-ல்தான் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்து, அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்த ஷட்டவுனுக்குத்தான் ஐந்து நாள் பாக்கி இருந்தது.

எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, ஷட்டவுன் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் சில நாள் உலை ஓடிக்கொண்டிருக்கலாம். "இந்த லைன் நின்றுவிட்டதா, அழுத்தம் இறக்கியாகிவிட்டதா, ஐசொலேஷன் டேக் (லைன் அடைக்கப்பட்டது என்று காட்டும் அட்டை) போட்டாச்சா" என்று வேலை பர்மிட்டைக் கையில் வைத்துக் கேட்காமல் எந்தக் குழாயின் பக்கத்திலும் சாரம் ஏறக் கூடாது. இரண்டு, தம்பி எழுதும் ஒவ்வொரு எண்ணும் இன்னொருவர் உயிர்.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தடிமன் மீட்டர் தடிமனை நேரடியாக அளப்பதில்லை. ஒலி போய் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைத்தான் அளக்கிறது. எஃகில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் என்று வைத்துக்கொண்டு அந்த நேரத்தை மில்லிமீட்டராக மாற்றிக் காட்டுகிறது. பெயிண்டுக்குள் ஒலி மெதுவாகப் போகும். அரை மில்லிமீட்டர் பெயிண்ட் மீட்டரில் ஒன்றேகால் மில்லிமீட்டர் இரும்பாகத் தெரியும். குழாய் சூடாக இருந்தாலும் வேகம் குறையும், 55 டிகிரிக்கு ஒரு சதவீதம் தடிமன் கூடுதலாகக் காட்டும். சுவர் ரொம்ப மெலிந்து புரோபின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால், முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மடங்காகக் காட்டிவிடும். மூன்று தவறும் ஒரே திசையில் போவதைப் பாருங்கள். மெலிந்த குழாயைத் தடிமனானதாகக் காட்டுகிற திசை அது.

பல வருடங்களுக்கு முன் ஒரு அனல் மின் நிலையத்தில் ஒரு எல்போவில் (குழாய் வளைவில்) எனக்கு 7.6 மில்லிமீட்டர் வந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினால் முந்தின ஷட்டவுனில் 7.1. பக்கத்தில் இருந்தவர் "நல்லதுதானே, போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க" என்றார். இரும்பு வளராது. ஸ்கிரேப்பரை எடுத்துச் சுரண்டினேன். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சாம்பல் நிறப் பெயிண்ட், அதற்கும் அடியில் சிவப்பு பிரைமர். பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு ஜெல் தடவி வைத்தேன். 6.3. அந்த எல்போவை அந்த ஷட்டவுனிலேயே மாற்றினார்கள். பெரிய திறமை ஒன்றும் இல்லை, பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். தம்பிக்கும் முந்தின ரீடிங் ஷீட் கொடுக்கிறார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, வேலை முடிக்கும்போது ஒரு தடவை, தடிமன் தெரிந்த காலிபிரேஷன் பிளாக்கில் மீட்டரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கடைசித் தடவை எண் விலகியிருந்தால் நடுவில் எடுத்த எல்லா ரீடிங்கையும் திரும்ப எடுக்க வேண்டும். கஷ்டம்தான். ஷட்டவுனில் ஒவ்வொரு மணி நேரமும் மின்சார வருமானம் என்று மேலே இருப்பவர்கள் நெருக்குவார்கள். கை எட்டாத இடம், சாரம் போடாத இடம் வரும்போது "போன தடவை எண்ணையே எழுதிடு" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வரும். எழுதக் கூடாது. 'அளக்கவில்லை, சாரம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எழுதியதற்காக வேலை போகும் என்று மிரட்டுகிற கான்ட்ராக்டரிடம் வேலையே வேண்டாம்.

கூடங்குளம் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அங்கே உலையைக் குளிர்விக்கும் முதன்மைச் சுற்றுத் தண்ணீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். எங்காவது கசிந்து காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் படியும். அமெரிக்காவின் ஒஹையோவில் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் அந்தப் படிவை ஷட்டவுனுக்கு ஷட்டவுன் முழுதாகத் துடைத்துப் பார்க்காமல் விட்டார்கள். 2002 மார்ச்சில் பார்த்தபோது உலை மூடியின் 16 சென்டிமீட்டர் எஃகை அமிலம் ஒரு இடத்தில் முழுக்கத் தின்றிருந்தது. உள்ளே பூசியிருந்த ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகு மட்டும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. வெள்ளையாகவோ துரு நிறத்திலோ பொடி கண்ணில் பட்டால், அது தம்பியின் வேலைப் பட்டியலில் இல்லாவிட்டாலும் படம் எடுக்க வைத்து எழுதிக் கொடுக்கட்டும்.

கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியவை இனி. டிஎல்டி பேட்ஜ் தம்பி பெயரிலேயே வருமா? முன்பு வேறு நிலையத்தில் வேலை செய்திருந்தால் அந்த டோஸோடு சேர்த்துக் கணக்கு வைப்பார்களா? தேசிய அளவில் டோஸ் பதிவேடு இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே விடுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வகுப்பும் உண்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. அல்லது விபத்துக் காப்பீடு எந்தப் பெயரில்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? பன்னிரண்டு மணி நேரம் நின்ற கண்ணுக்கு திரையில் சின்ன எதிரொலி தெரியாது. அப்புறம், இரவில் இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளை வைத்து ரேடியோகிராபி (வெல்டுகளை எக்ஸ்ரே போலப் படம் பிடிப்பது) எடுக்கும்போது அந்தத் தளத்தில் மற்றவர்களை வெளியேற்றிக் கயிறு கட்டுகிறார்களா? அல்ட்ராசோனிக் தெரிந்த பையன் என்று அந்த வேலைக்குக் கைமாற்றி இழுத்துவிடுவதும் நடக்கிறது. ரேடியோகிராபிக்குத் தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ். அது இல்லாமல் தொடக் கூடாது.

வேலை முடிந்து கிளம்பும் நாளில் டோஸ் அறிக்கையின் நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடைசி மாத பேட்ஜின் அளவு அப்போது வந்திருக்காது, ஒரு மாதம் கழித்துக் கேட்டு அதையும் வாங்க வேண்டும். அடுத்த ஷட்டவுனுக்கு எந்த நிலையத்துக்குப் போனாலும் வாசலிலேயே அதைத்தான் கேட்பார்கள்.