வரத்துக்காலை மறித்தால் யாரிடம் போவது?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு 60 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். மேலே உள்ள இரண்டு கண்மாய்களும் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அதைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் ஓரிடம் ஆக்கிரமிப்பு. இன்னோரிடத்தில், பட்டா நிலத்தை வாங்கியவர் போன ஆடியில் வரத்துக்காலையே மண் போட்டு மூடிவிட்டார். மூன்று ஊரும் சேர்ந்து சரிசெய்ய நினைக்கிறோம். பாசன சங்கம் பதிவு செய்து அரசு நிதி வாங்கித் தருவதாக ஒருவர் ஏக்கருக்கு 1,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

விவசாயிகளின் பாசன அமைப்பு மேலாண்மைக்கென்று 2000-இல் வந்த சட்டப்படி, பாசன சங்கம் அரசு அறிவிப்பில் உருவாகிறது. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள், தேர்தல் நடத்துவது மாவட்ட நிர்வாகம். தரகர் அதைப் பதிவு செய்து தர முடியாது. அவர் தருவது 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் ஒரு சாதாரண சங்கம். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை மீதோ வரத்துக்கால் மீதோ அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, அந்தச் சான்றிதழோடு அலுவலக வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இதே ஆட்கள் "ஜேசிபி இலவசம், கண்மாயைத் தூர்வாரித் தருகிறோம்" என்று வருவார்கள். வருவது மண்ணுக்காக. வண்டல் எடுக்க விவசாயியே வட்டாட்சியரிடம் இணையவழியில் விண்ணப்பிக்கலாம், மண்ணுக்குக் கட்டணம் இல்லை. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. டிராக்டர் கணக்கில் 25 நடை, 30 நடை. இவர்களோ கரை ஓரத்திலேயே ஆழமாகத் தோண்டி லாரியில் ஏற்றுவார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கரையும் பலம் இழக்கும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் மூன்று ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து மேல் கண்மாயிலிருந்து உங்கள் கண்மாய் வரை வரத்துக்கால் ஓரமாக நடந்து வாருங்கள். நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கில் கொஞ்சம் நின்று பாருங்கள். நட்டு வைத்த கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் அடைத்திருக்கிறதா, மேலே மணல் மூட்டை ஏறியிருக்கிறதா? ஒரு சாண் உயர்த்தினால் போதும், அந்த வருஷம் உங்களுக்கு மறுகால் வராது. எந்த மட்டம் வரை அடைக்கலாம், எப்போது பிரிக்க வேண்டும் என்பதை நாற்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்குத் தெரியும். அவரை வைத்துப் பேசி, எழுதி, மூன்று ஊரும் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து ஆவணம். காலின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் அளவைக் காட்டும் புலப்படமும் எடுங்கள். இணையத்திலேயே கிடைக்கும். வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அங்கே யாருக்கும் உரிமை இல்லை. 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் அகற்றலாம். 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தை மனுவில் எழுதச் சொல்வார்கள். அது பொதுப்பணித் துறையிடம் இருந்து இன்று நீர்வளத் துறையின் கையில் உள்ள ஏரிகளுக்குத்தான். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்பதால் உங்கள் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மேல் கண்மாய்கள் அதைவிடப் பெரியவை என்றால் அவை நீர்வளத் துறையிடம் இருக்கும். நடுவே ஓடும் கால் வருவாய்த் துறைக்கு. ஒரே மழைத் தண்ணீர், மூன்று அலுவலகம், ஒவ்வொருவரும் அடுத்தவர் கதவைக் காட்டுவார்கள். இத்தனை வருஷமாக இதைச் சரிசெய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் தனித்தனியாக அலையாதீர்கள். மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மூன்று துறையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். மூன்று ஊரின் கிராம சபைத் தீர்மானங்களோடு ஒரே மனுவாக அங்கே கொடுத்து, மனு எண் வாங்குங்கள்.

இனி அந்தப் பட்டா நிலம். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். கால் புறம்போக்காகப் பதிவாகாமல் ஒருவரின் பட்டாவுக்குள்ளேயே ஓடினால், "அது என் நிலம்" என்பார், வட்டாட்சியரும் கை விரிப்பார். உங்கள் உரிமை அதோடு போய்விடாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டு இடைவிடாமல், வெளிப்படையாக, யார் தயவிலும் இல்லாமல் உரிமையோடு தண்ணீர் கொண்டுபோயிருந்தால் அந்தப் பாதை உங்களுக்கு உண்டு. நிலம் கை மாறினாலும் அந்த உரிமை போகாது. ஆனால் அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். மறித்தது தெரிந்தும் ஓர் ஆண்டு பேசாமல் இருந்தால், அதற்கு நீங்கள் இணங்கிவிட்டதாகவே எதிர்த்தரப்பு வாதிடும். "பேசித் தீர்ப்போம், அடுத்த மழைக்குப் பார்ப்போம்" என்று தரகரும் ஊர் முக்கியஸ்தரும் நாளைக் கடத்துவதில் இதுதான் ஆபத்து. உங்களுக்கு ஆடியிலிருந்தே நாள் ஓடுகிறது.

அந்த நிலத்தின் பழைய கிரயப் பத்திரங்களைத் தேடுங்கள். நான்கெல்லையில் "வரத்துக்காலுக்குக் கிழக்கு" என்று ஒரு வரி இருந்தால் அது பெரிய சாட்சி. உரிமையியல் நீதிமன்றத்தில் ஊர் முழுவதும் நிற்க வேண்டியதில்லை. அனுமதி பெற்று இரண்டு மூன்று பேர் எல்லோருக்காகவும் வழக்கு நடத்தலாம். அதற்கு முன், இந்த வாரமே நில உரிமையாளருக்கு எதிர்ப்பைத் தெரிவித்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தபால் ரசீதையும், மூடிய இடத்தின் தேதியிட்ட படத்தையும் பத்திரமாக வையுங்கள்.