கோலாக் கொட்டை: கூடையைக் கொட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

நைஜீரியா, கானா பக்கம் இருக்கும் வாசகர்கள், அங்கே பாக்கு மாதிரி வாயில் போட்டு மெல்லும் கோலாக் கொட்டையின் வியாபாரம் பற்றி அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில். பாக்கு வியாபாரம் பார்த்தவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும்: கொட்டைப்பாக்கு காய்ந்த சரக்கு, கோலா பச்சைச் சரக்கு. கூடைக்குள் இருக்கும்போதும் அது மூச்சு விடும், வேர்க்கும், முளைக்கக்கூடப் பார்க்கும். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி: சின்ன முதல்தான் இருக்கிறது. சந்தையில் மூன்று விதமான கொட்டை காட்டுகிறார்கள். எதில் இறங்கலாம்?

மூன்றுக்கும் வாங்கும் ஆட்கள் வேறு. நகத்தால் கீறினால் நிலக்கடலை மாதிரி இரண்டே பாதியாகப் பிரிவது கோலா நிட்டிடா. ஹௌசா மொழியில் கோரோ, யொருபாவில் பன்ஜா. வடக்கே லாரி லாரியாகப் போவது இதுதான். மூன்று, நான்கு, ஐந்து பிளவாகப் பிரிவது கோலா அக்யுமினாட்டா. யொருபாவில் ஓபி அபாட்டா, இக்போ மக்களுக்கு ஓஜி. வீட்டுக்கு வந்தவரை வரவேற்பது முதல் முன்னோர் வழிபாடு வரை சடங்குக்கு இதுதான் வேண்டும். நான்கு பிளவுக்குத் தனி மதிப்பு. இரண்டு பிளவுக் கொட்டையை இக்போ வீட்டுச் சடங்குக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும். மூன்றாவது கசப்புக் கோலா. பெயரில் மட்டும்தான் கோலா. தாவரக் குடும்பமே வேறு, நம் குடம்புளியின் சொந்தம். பழுப்புத் தோலோடு விற்பார்கள், காஃபீன் கிடையாது.

அளவு பெரியது, விற்பனை சீரானது நிட்டிடாதான். ஆனால் அதன் வடக்குச் சந்தை பழைய கைகளிடம் இருக்கிறது. முதல் பருவத்தில் தென்மேற்கில் ஓகுன் மாநிலத்தின் ஷகாமு போன்ற சந்தையில் நாலைந்து கூடை வாங்கி, உங்கள் ஊரிலேயே சில்லறைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கை பழகுங்கள். வட நைஜீரியாவின் கானோ நகரத்துக்கு லாரி ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

கேள்வி: கூடை ஒன்று எத்தனை கிலோ? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

எல்லோரும் சொல்வது சரிதான். ஊருக்கு ஊர் கூடை வேறு, உள்ளே திணிக்கும் இலையும் வேறு. சந்தையில் எண்ணிக்கையிலும் கூடைக் கணக்கிலும்தான் பேசுவார்கள். நீங்கள் கையில் ஒரு தொங்கு தராசு வைத்துக்கொண்டு 100 கொட்டையை எண்ணி நிறுத்துப் பாருங்கள். ஒரு கூடையில் 100 கொட்டை 1.2 கிலோ, இன்னொன்றில் 2 கிலோ என்றால், இரண்டும் ஒரே விலை என்பவரிடம் எதை எடுப்பது என்று சொல்லத் தேவையில்லை. பெரிய கொட்டைக்குத்தான் சில்லறையில் விலை.

கேள்வி: அறுவடையில் வாங்கி வைத்து, விலை ஏறும்போது விற்றால் நல்ல லாபம் என்கிறார்கள். உண்மையா?

விலை ஏறுவது உண்மை. நைஜீரியாவில் பெரிய அறுவடை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது சரக்கு குவியும், விலை இறங்கும். ஆனால் உங்கள் கணக்கில் நீரைச் சேர்த்தீர்களா?

பச்சைக் கொட்டையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் கெட்டிப் பொருள் 40 கிலோ. சேமிப்பில் நீர் 55 விழுக்காட்டுக்கு இறங்கினால், அதே 40 கிலோ இப்போது மொத்தத்தில் 45 விழுக்காடு. அதாவது கூடை எடை 89 கிலோ. நீர் 5 விழுக்காடு குறைந்ததாகத் தெரியும், தராசில் 11 கிலோ காணாமல் போயிருக்கும். மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வண்டுக்கும் பூஞ்சைக்கும் போனால் கையில் 80 கிலோ. ஆக, விலை 25 விழுக்காடு ஏறினால்தான் போட்ட முதல் திரும்பும். இலை, கூலி, குடோன் வாடகை அதற்கு மேல்.

எண்ணிக்கையில் விற்பவர்களுக்கு இந்த நஷ்டம் வேறு வேஷத்தில் வரும். எண்ணிக்கை குறையாது, ஆனால் பெரிய கொட்டை சுருங்கி நடுத்தரத்தில் விழும்.

எங்கள் யோசனை: முதல் வருடம் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்தில் காயாக வாங்கினால் மலிவாக இருக்கிறது. பிறகு என்னென்ன வேலை?

மலிவாக இருப்பதற்குக் காரணமே அந்த வேலைதான். காய் கரும்பச்சையிலிருந்து வெளிறி லேசாகப் பழுப்பு தட்டும்போது, வெடிக்கும் முன், தொரட்டியால் பறிக்க வேண்டும். ஓட்டை உடைக்கும்போது கத்தி உள்ளே இறங்கக் கூடாது. கீறல் பட்ட கொட்டை அந்த இடத்தில் கறுத்துப் போகும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் குடியேறும்.

உள்ளே கொட்டை ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் தோல் மூடியிருக்கும். ஒரு நாள், அதாவது 24 மணி நேரம், நல்ல தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் வழுவழுத்துக் கையோடு வந்துவிடும். தண்ணீர் வசதி இல்லாத தோப்பில் கொட்டையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, இலை மூடி ஐந்து நாள் போல வைப்பார்கள். தோல் அழுகிக் கழன்றுவிடும். ஊறல் முறையில் நாள் மிச்சம், சரக்கும் சுத்தம். ஆனால் மறந்துபோய் இரண்டு நாள் விட்டுவிட்டால் வாடை பிடிக்கும்.

கழுவி, கூடையில் வடியவிட்டு, நிழலில் மேல் ஈரம் போகப் பரப்புங்கள். வெயிலில் போடவே கூடாது. அடுத்ததுதான் பலரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் கட்டம்: வேர்க்க வைப்பது. புகையிலையைப் பாடம் போடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் போட்டு இலையால் மூடி மூன்று முதல் ஐந்து நாள். தினமும் திறந்தால் கொட்டையின் மேல் முத்து முத்தாக நீர் நிற்கும். துணியால் துடைத்து, கீழிருப்பதை மேலே கொண்டுவந்து, துளையும் கறையும் உள்ளதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி மூட வேண்டும். நீர் கோப்பது நின்றால் பாடம் முடிந்தது. இதைச் செய்யாமல் கட்டி வைத்தால் அதே நீர் கூடைக்குள் கோத்து இரண்டாம் வாரமே சாம்பல் பூக்கும். ஒரு வாரம் பத்து நாள் என்று இழுத்தாலோ சுருக்கம் விழும்.

கேள்வி: வாங்கும்போது பளபளவென்று இருந்தது. ஐந்து வாரத்தில் பாதிக் கூடை துளை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். இது கோலாக் கூன்வண்டின் வேலை. முட்டை உங்கள் குடோனில் வந்ததல்ல, பெரும்பாலும் தோப்பிலேயே இடப்பட்டது. வெடித்த காய், அணில் கடித்த காய், தரையில் கிடந்த கொட்டை, இவற்றில்தான் வண்டு ஏறும். முட்டை வளர்ந்து வண்டாக வெளியே வர ஒரு மாதம் போல ஆகும். உங்கள் ஐந்து வாரக் கணக்கு அதோடு பொருந்துகிறது. வெளியே வந்த வண்டு கூடைக்குள்ளேயே பக்கத்துக் கொட்டையில் முட்டையிடும். கவனிக்காவிட்டால் மொத்தக் கூடையும் போய்விடும்.

வாங்கும்போது செய்ய வேண்டியது இது. கூடையைப் பாயில் கொட்டச் சொல்லுங்கள். மேலே பெரியது, அடியில் பொடிசு என்ற அடுக்கு வித்தை உலகம் பூராவும் உண்டு. மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் 20 வீதம் 60 கொட்டை எடுங்கள். இரண்டு பாதி சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தித் திறங்கள். நல்ல கொட்டை 'டக்'கென்று பிரியும், உள்முகம் வழவழப்பாக இருக்கும். வண்டு இருந்தால் ஊசி நுழையும் அளவு பாதையும், அதில் பழுப்புத் தூளும், சில சமயம் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவும் தெரியும். 60ல் மூன்றுக்கு மேல் கண்டால் வைத்து விற்கும் சரக்கு அது இல்லை. விலையைக் குறைத்து வாங்கி, இரண்டு வாரத்துக்குள் கைமாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

தரையில் பொறுக்கியதை மரத்தில் பறித்ததோடு கலக்காதீர்கள். முதல் ஆறு வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை கூடையைப் பிரித்துப் பார்த்து, கெட்டதைக் கொதிநீரில் போடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். மூலையில் குவித்து வைப்பவர்கள்தான் வண்டுப் பண்ணை நடத்துகிறவர்கள். பழைய இலையை எரிக்க வேண்டும். காலிக் கூடைக்கும் கொதிநீர்க் குளியல் உண்டு.

கேள்வி: தானியக் குடோனுக்குப் போடும் மாத்திரையைக் கோலாவுக்கும் போடுகிறார்களே?

போடாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரத்தோடு சேர்ந்து நச்சு வாயுவைக் கிளப்பும். அது காய்ந்த தானியத்துக்கு, மூடிய குடோனில், பயிற்சி பெற்றவர் கையாள வேண்டியது. கோலாவோ ஈரம் நிறைந்தது, தோல் நீக்கியது, சமைக்காமல் அப்படியே வாயில் போட்டு மெல்வது. தெளிக்கும் பூச்சி மருந்துக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தெற்கில் நன்றாக இருந்த சரக்கு கானோ வந்து பத்து நாளில் சுருங்கிப் போகிறது. ஏன்?

ஹர்மட்டான். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சஹாராவிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று உதட்டையே வெடிக்க வைக்கும், கொட்டையை விடுமா? அறுவடைச் சரக்கு வடக்கே போவதும் அதே மாதங்களில்தான்.

பழைய வியாபாரிகளின் பதில் பச்சை இலை. தட்டைப்பயறு மாவில் மொய்ன்மொய்ன் அவிப்பதற்குக் கட்டும் அகல இலைதான் தெற்கில் கூடைக்கும் உறையாகப் போகிறது. அடியிலும் சுற்றிலும் இரண்டு மூன்று அடுக்கு, மேலே இன்னும் கனமாக. இலை காய்ந்து சலசலத்தால் மாற்ற வேண்டும். இந்த இலை மழைக்காட்டுச் சரக்கு, வடக்கே போய்த் தேடினால் கிடைப்பது கஷ்டம். லாரி ஏற்றும்போதே மாற்று இலைக்கட்டு சேர்த்து ஏற்றுங்கள். இலையைக் கழுவினால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஈர இலை பூஞ்சைக்கு விருந்து.

இறக்கியதும் உச்சி வெயிலில் கூடையைப் பிரிக்காதீர்கள், காற்று அடங்கிய பிறகு பாருங்கள். தகரக் கொட்டகையைவிட மண்சுவர் அறை நல்லது. கூடைக்கு அடியில் பலகை. மேலே பிழிந்த ஈரச் சாக்கைப் போர்த்தலாம், ஆனால் சாக்கு கொட்டையைத் தொடக் கூடாது. கொட்டை மேல் நேராகத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் ஒரு நாள் அழகுக்கு மட்டும் உதவும். வாடிய கொட்டையை ஊற வைத்துப் புதுசு என்று விற்பவர்களும் உண்டு. முறித்துப் பாருங்கள், சத்தமில்லாமல் வளைந்து கொடுக்கும்.

பாலித்தீன் உறை நீரைக் காக்கும்தான். வாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறி நீர் சொட்டும். மடித்துவிட்டு, வாரம் ஒரு தடவை திறந்து துடையுங்கள்.

கேள்வி: வெள்ளைக் கோலாவுக்கு ஏன் கூடுதல் விலை? கலந்து விற்றால் என்ன?

கலந்தால் சிவப்பு விலைதான் கிடைக்கும். நிட்டிடாவில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு மூன்றும் உண்டு. வெள்ளை குறைவாகக் காய்க்கிறது, வடக்கே கல்யாணத்துக்கும் மரியாதைப்பட்டவருக்கும் அதைக் கொடுப்பதில் பெருமை. ஹௌசா திருமணத்தில் கோரோ பங்கிடுவது நம் வீட்டுத் தாம்பூலம் மாதிரி. எனவே தரம் பிரிக்கும்போது முதலில் நிறம், பிறகு அளவு. ஆனால் கறையும் கீறலும் வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும். அதைத் தனிக் கூடையில், கூடுதல் இலையோடு வையுங்கள்.

கேள்வி: கானோ சந்தையில் தரகர் இல்லாமல் நேரே விற்க முடியாதா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தால் வசூலிப்பது யார்? அங்கே தில்லாலி என்னும் தரகரும், வெளியூர் வியாபாரிக்குத் தங்க இடமும் சரக்கு வைக்க இடமும் கொடுத்து, வாங்குபவருக்குப் பொறுப்பும் ஏற்கும் மைகிடாவும் பல தலைமுறையாக இருக்கிறார்கள். 1912ல் லாகோஸ் – கானோ ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன், கழுதை மேல் சரக்கு வந்த காலத்திலேயே இருந்த ஏற்பாடு இது. (தில்லாலியும் வட இந்தியச் சந்தையின் தலாலும் ஒரே அரபுச் சொல்லில் பிறந்தவை.) கமிஷன் போகட்டும். கமிஷன் எவ்வளவு, அழுகல் யார் கணக்கு, பணம் எத்தனை நாளில் என்ற மூன்றையும் கூடையை இறக்கும் முன் பேசிவிடுங்கள்.

கேள்வி: காயவைத்து இந்தியாவுக்கு அனுப்பலாமா?

காயவைப்பது சுலபம். பாதியாகப் பிளந்து, தரையில் படாமல் தட்டியின் மேல், முறித்தால் ஒடியும்வரை உலர்த்த வேண்டும். நீர் 12 விழுக்காடு வரை இறங்கினால் 100 கிலோ பச்சைச் சரக்கு 45 கிலோவாகும். வெள்ளையும் சிவப்பும் காய்ந்தால் ஒரே பழுப்பு, எனவே உடைந்தது, பொடிசு ஆகியவற்றைக் காயவைப்பதே புத்தி. பூஞ்சை பிடித்தது வேண்டாம்.

கஷ்டம் காகிதத்தில். சுங்கப் பட்டியலில் கோலாவுக்கு 0802.70, அடுத்த எண்ணான 0802.80 பாக்குக்கு. ரசீதில் 'பாக்கு வகை' என்று பொதுவாக எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதி தேவைப்படும் சரக்குக்கு அதைக் கப்பல் ஏறும் முன்பே வாங்குபவர் எடுக்க வேண்டும். நைஜீரியப் பக்கத்தில் தாவரநலச் சான்று வேண்டும். மாதிரிக்கு ஐந்து கிலோ என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது வியாபாரம் ஆகாது.

கேள்வி: கோலா பானக் கம்பெனிகள் வாங்குமா?

அதை நம்பிக் கூடை வாங்காதீர்கள். பெரிய பானங்களில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெயர்தான்.

கேள்வி: இக்போ வாடிக்கையாளர் வீட்டில் கொட்டையை நீட்டினார்கள். நானே உடைத்தது தப்பாகிவிட்டதோ?

வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் இக்போ மொழியில் வேண்டிய பிறகுதான் உடைப்பார்கள். 'கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது' என்பது அவர்கள் வழக்கு. வெளியூர்க்காரர் என்று பொறுத்திருப்பார்கள், அடுத்த முறை காத்திருங்கள்.

கேள்வி: மென்று பார்த்துத்தான் வாங்க வேண்டுமா?

ஒரு சின்னத் துண்டு போதும். முதலில் கசப்பும் துவர்ப்பும், பிறகு தண்ணீர் குடித்தால் இனிப்பு. புதுக் கொட்டை மொறுமொறுக்கும், பழசு நார் மாதிரி இழுக்கும். காஃபீன் இருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முறித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நாலைந்து கடையில் ஏறி இறங்கி ஒவ்வொன்றிலும் துண்டு மென்றால், சாயங்காலச் சந்தைக்குப் போனவருக்கு அன்று இரவு தூக்கம் கிடையாது.