யாரா வேலிக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மெல்பர்ன்ல இருந்து காலையில கிளம்பி சாயங்காலம் திரும்பிடக்கூடிய இடங்களைப் பத்தி எழுதினப்போ யாரா வேலிங்கற (Yarra Valley) பள்ளத்தாக்குல இருக்கற வைனரிகளை, அதாவது திராட்சை விளைவிச்சு வைன் தயாரிக்கற இடங்களைப் பத்தி ரெண்டே வரிதான் எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்குத்தான் நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதுதான்.

கேள்வி (டான்டினாங் வாசகி): அக்கா, கனடாவில இருந்து மாமி, சித்தப்பா குடும்பம் எல்லாரும் வருகினம், மொத்தமாப் பத்துப் பேர். யாரா வேலிக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு யோசிக்கிறம். எங்கட ரெண்டு கார்ல போறதா, இல்லாட்டி டூர் பஸ்ஸில போறதா நல்லது? ஒரு நாளில எத்தினை வைனரி பாக்கலாம்?

பதில்: பஸ்தாங்க, இதுல யோசிக்கவே வேணாம். ஏன்னு கணக்கு போட்டே சொல்றேன். டேஸ்டிங்ல, அதாவது வைனை வகைவகையா ருசி பாக்கறதுல, ஒரு தடவை ஊத்துறது ரொம்ப கொஞ்சம், 20லேர்ந்து 30 மில்லிதான் இருக்கும், அதைப் பாத்துட்டு இதெல்லாம் ஒரு குடியான்னு எல்லாருக்கும் தோணும். ஆனா ஒரு வைனரியில அஞ்சு வகை குடுத்தா சுமாரா 125 மில்லி உள்ள போயிடுது, 13 சதவீத ஆல்கஹால் இருக்கற வைன்ல 100 மில்லின்னாலே ஆஸ்திரேலியக் கணக்குப்படி ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க், அதாவது 10 கிராம் ஆல்கஹால். மூணு வைனரி முடிக்கும்போது கிட்டத்தட்ட அரை பாட்டில், நாலு ஸ்டாண்டர்ட் டிரிங்க்குக்குப் பக்கத்துல வந்துடும். இங்க அரசாங்க வழிகாட்டுதல்ல எந்த ஒரு நாளும் நாலைத் தாண்டாதீங்கன்னுதான் சொல்லியிருக்கு. வெறும் டேஸ்டிங்லயே அங்க போய் நிக்கறோம், மதியம் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் வாங்கினா அது தனி. விக்டோரியாவுல முழு லைசென்ஸ் இருக்கறவங்களுக்கு ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், எல் பிளேட் (ஓட்டப் பழகறவங்க), பி பிளேட் (புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க) வச்சிருக்கறவங்களுக்கு பூஜ்யம், ஒரு சொட்டு கூட ஆகாது. யாராவது ரெண்டு பேர் நாங்க குடிக்கலன்னு சொல்லி ஓட்டலாம்தான், ஆனா அந்த ரெண்டு பேருக்கு நாள் பூரா ரோட்டுலயே கண்ணு.

எத்தனை வைனரின்னு கேட்டீங்கன்னா மூணு, என் மனசுல இருக்கறது ரெண்டு. நான் முதல் தடவை போனப்போ ஒரே நாள்ல அஞ்சு இடம்னு போட்டிருந்த டூர்ல போனேன், இறங்கு, குடி, ஏறுன்னு ஓட்டிக்கிட்டே இருந்தாங்க, நாலாவது இடத்துல நாக்கு மரத்துப்போச்சு, அஞ்சாவது இடத்துல என்ன குடிச்சேன்னு இன்னிக்கும் ஞாபகம் இல்ல. காசும் போச்சு, அந்த இடத்தோட பேரும் மறந்துபோச்சு. காலையில 9 மணிக்கு சிட்டியில கிளம்பினா ஒரு மணி நேரத்துல போயிடலாம், மதியத்துக்கு முன்னாடி ஒண்ணோ ரெண்டோ, நிதானமா உக்காந்து சாப்பாடு, அப்புறம் ஒண்ணு, 5 மணிக்கு திரும்பி வந்துடலாம். பத்துப் பேர்னா முன்கூட்டியே புக் பண்ணாம போகாதீங்க, கூட்டமா போய் நின்னா நிறைய இடத்துல இடம் இல்லன்னு சொல்லிடுவாங்க. பத்துப் பேருக்கு டிரைவரோட சின்ன வேனே தனியா கிடைக்கும், மாமி சித்தப்பா வயசுல இருக்கறவங்களுக்கு அதுதான் சவுகரியம், பாத்ரூமுக்கு நிறுத்தச் சொல்லலாம், எங்கயாவது புடிச்சுப்போனா கூட அரை மணி இருக்கலாம்.

கேள்வி (சென்னை, மயிலாப்பூர் வாசகி): மெல்பர்ன்ல இருக்கற பொண்ணு எங்களை வைன் டூர் கூட்டிட்டுப் போறேங்கறா. நான் வாழ்நாள்ல அதைத் தொட்டதில்ல, தொடவும் மாட்டேன். நான் அங்க போய் என்ன பண்ணப் போறேன்?

பதில்: கண்டிப்பா போங்கம்மா. யாரும் உங்களை வற்புறுத்த மாட்டாங்க, வேணாம்னு ஒரு தடவை சொன்னா போதும், தண்ணியோ ஜூஸோ காபியோ குடுப்பாங்க. பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, புக் பண்ணும்போதே குடிக்காதவங்க ஒருத்தர்னு சொல்லச் சொல்லுங்க, சில டூர்ல அதுக்குக் கட்டணம் குறைவு. ஏப்ரல்ல போனீங்கன்னா திராட்சை இலை எல்லாம் மஞ்சளும் செம்புமா மாறியிருக்கும், காலையில பள்ளத்தாக்கு பூரா பனி கிடக்கும், அது மேல வெயில் ஏறறதைப் பாக்கறதுக்கே போகலாம். டாராவாராங்கற வைனரிக்குப் பக்கத்துலயே ஒரு நல்ல ஓவிய மியூசியம் இருக்கு. அங்கயே ஹீல்ஸ்வில்ங்கற ஊர்ல ஆஸ்திரேலிய விலங்குகளுக்குன்னே ஒரு சரணாலயம் இருக்கு, பிளாட்டிபஸ்ங்கற முட்டை போடற பிராணியை மனுஷங்க பராமரிப்புல முதல் முதலா குஞ்சு பொரிக்க வச்சது அங்கதான், 1943ல. எங்க அம்மா வந்திருந்தப்போ நாங்க டேஸ்டிங் பண்ண அரை மணி நேரமும் வெளியில பெஞ்ச்ல மலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க, வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை எப்போன்னுதான் கேட்டாங்க.

கேள்வி (கிளேட்டன் வாசகர்): நான் சுத்த சைவம், ஆனா வைன் எப்பவாவது குடிப்பேன். வைன்ல மீன் சேக்கறாங்கன்னு ஃப்ரெண்ட் சொல்றான், உண்மையா?

பதில்: உங்க ஃப்ரெண்ட் சும்மா சொல்லலைங்க. புது வைன் கலங்கலா இருக்கும், அதைத் தெளிய வைக்கறதுக்கு ஏதாவது ஒண்ணைச் சேர்ப்பாங்க, அது மிதக்கற துகளை எல்லாம் பிடிச்சுக்கிட்டு அடியில படிஞ்சுடும், மேல தெளிஞ்ச வைனை மட்டும் எடுத்துக்குவாங்க. கலங்கின தண்ணிக்குத் தேத்தாங்கொட்டை உரசற மாதிரிதான். அப்படிச் சேர்க்கறது முட்டை வெள்ளைக்கருவா இருக்கலாம், பால்ல இருந்து எடுக்கற கேசீனா இருக்கலாம், மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கறதா இருக்கலாம், மாட்டு எலும்பு, தோல்ல இருந்து வர்ற ஜெலட்டினா கூட இருக்கலாம். பெண்டோனைட்னு ஒரு களிமண் இருக்கு, அதை மட்டும் போட்டாங்கன்னா நமக்குப் பிரச்சனையே இல்ல. சில பேர் எதுவும் சேர்க்காம தானா தெளியட்டும்னு விட்டுடுவாங்க. அதனால ‘வெஜிடேரியனா’ன்னு கேக்காதீங்க, ‘வீகன் வைன் எது’ன்னு, அதாவது மிருகத்துல இருந்து வர்றது எதுவும் சேராத வைன் எதுன்னு கேளுங்க, கவுண்டர்ல இருக்கறவங்களுக்கு உடனே புரியும், நிறைய பாட்டில்ல லேபிள்லயே போட்டிருக்கும். கேக்கறதுக்குக் கூச்சமே வேணாம், தினமும் யாராவது கேக்கற கேள்விதான். சீஸ் தட்டு வாங்கினாலும், சீஸுக்குப் பாலைத் திரிய வைக்கற ரென்னட் எதுல இருந்துன்னு கேட்டுக்கோங்க, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட்டும் உண்டு.

கேள்வி (கோவை வாசகி): எப்படி டேஸ்ட் பண்ணணும்னே தெரியாது. பக்கத்துல இருக்கறவங்க செர்ரி வாசனை, வனிலா வாசனைன்னு சொல்லும்போது நான் என்ன சொல்றது?

பதில்: நீங்க உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. எனக்கு இந்தக் கேள்விதான் இன்னிக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா நம்ம ஆளுங்க அங்க போய் வாயே திறக்காம நிக்கறதைப் பல தடவை பாத்திருக்கேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும். சின்ன வயசுல இருந்தே அறுசுவைன்னு படிச்சு வளர்ந்த நமக்கு வைன் பேசறதுக்குத் தேவையான வார்த்தை பாதி ஏற்கனவே தெரியும். ரெட் வைன் குடிச்சதும் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கும் பாருங்க, அதை டானின்பாங்க, நமக்கு அது துவர்ப்பு. வாழைக்காயைப் பச்சையா கடிச்சா, நெல்லிக்காய் தின்னா, டிகாஷனைப் பால் ஊத்தாம குடிச்சா வருமே, அதேதான், திராட்சையோட தோல்லயும் கொட்டையிலயும் இருந்து வருது. ஒயிட் வைன் குடிச்சதும் தாடைக்குக் கீழ எச்சில் ஊறிச்சுன்னா அது புளிப்பு, நார்த்தங்காயை நினைச்சா ஊறற மாதிரி. துவர்ப்பு எவ்ளோ, புளிப்பு எவ்ளோ, இனிப்பு இருக்கா இல்லையா, முழுங்கினப்புறம் எவ்ளோ நேரம் வாயில நிக்குது, இந்த நாலையும் கவனிச்சீங்கன்னா போதும், மத்தவங்க செர்ரின்னு சொன்னா சொல்லட்டும், உங்களுக்கு நாவல்பழம்னு தோணினா நாவல்பழம்னே சொல்லுங்க, அங்க ஊத்திக் குடுக்கறவங்க அதை ஆசையா கேட்டுக்குவாங்க. வனிலா வாசனை திராட்சையில இருந்து வர்றதில்ல, ஓக் மரப் பீப்பாயில ஊறினதால வர்றது.

செய்முறை இவ்ளோதான்: கிளாஸை அடிக்காம்புல பிடிங்க, வெள்ளைத் தாளுக்கு மேல சாய்ச்சு நிறம் பாருங்க, மெதுவா சுழட்டி மூக்கைக் கிட்ட கொண்டு போங்க, ஒரு வாய் எடுத்து உடனே முழுங்காம வாய் பூரா சுத்த விடுங்க. அப்புறம் துப்பிடலாம். ஆமா, துப்பலாம், அதுக்குன்னே கவுண்டர்ல ஒரு பாத்திரம் வச்சிருப்பாங்க, பொது இடத்துல துப்பக்கூடாதுன்னு வளர்ந்ததால நமக்குத்தான் சங்கடமா இருக்கு, வைன் தொழில்ல இருக்கறவங்க எல்லாரும் துப்பறவங்கதான், கிளாஸ்ல மீதி இருக்கறதையும் அதுலயே ஊத்திடலாம். முதல்ல ஸ்பார்க்ளிங் (நுரைக்கற வைன்), அப்புறம் ஒயிட், அப்புறம் ரெட், கடைசியில இனிப்புன்னு போனாத்தான் ஒண்ணை ஒண்ணு அமுக்காது.

இன்னும் ரெண்டு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. அன்னிக்கு சென்ட், அத்தர், ஜவ்வாது எதுவும் வேணாம், தலையில மல்லிப்பூவும் வேணாம், மூடின ரூம்ல அந்த வாசனைக்கு முன்னாடி வைன் வாசனை யாருக்கும் தெரியாது. வெறும் வயித்துல போகாதீங்க, நாலு இட்லி சாப்பிட்டுட்டுப் போங்க, ஆனா காரமா மிளகாய்ப்பொடி தொட்டுக்கிட்டுப் போனீங்கன்னா நாக்குல ஆல்கஹால் எரிச்சல்தான் தெரியும்.

கேள்வி (தேனி மாவட்டம், கம்பம் வாசகர்): எங்க ஊரு பூரா திராட்சைத் தோட்டம். நாங்க அங்க வந்து புதுசா என்னத்தைப் பாக்கறது?

பதில்: நீங்க பாக்கற மாதிரி வேற யாரும் பாக்க முடியாது அண்ணே, உங்களுக்குத்தான் அந்த டூர் முழுசா புரியும். உங்க பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, மஸ்கட் ஹாம்பர்க்ங்கற வகை அது, பந்தல்ல படர விட்டு, கவாத்து பண்ணி பண்ணி வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல அறுவடை நடந்துக்கிட்டே இருக்கும். இங்க அப்படி இல்ல, குளிர்காலத்துல இலை எல்லாம் உதிர்ந்து கொடி தூங்கிடும், ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்தத் தூக்கத்துலயே கவாத்து பண்ணுவாங்க, செப்டம்பர்ல துளிர்க்கும், பிப்ரவரில இருந்து ஏப்ரலுக்குள்ள அறுவடை முடிஞ்சிடும், வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான். பந்தல் கிடையாது, கம்பியில வரிசை வரிசையா நிமிந்து நிக்கும். பழம் சின்னது, தோல் அதிகம், கொட்டை அதிகம். பினோ நுவார், ஷார்டனேங்கற ரெண்டு திராட்சை வகையும்தான் இங்க ராஜா ராணி, ரெண்டுக்கும் குளிர்ச்சி வேணும். இன்னொண்ணு, பினோ நுவார் கருப்புத் திராட்சைதான், ஆனா உள்ள சாறு நிறமே இல்லாம இருக்கும், தோலோட ஊற வச்சா சிவப்பு, உடனே பிழிஞ்சு தோலை எடுத்துட்டா வெள்ளை, ஸ்பார்க்ளிங்ல இதைத்தான் பண்றாங்க.

ஆனா தோட்டத்தைப் பாத்ததும் பழக்கத்துல உள்ள இறங்கிடாதீங்க. வரிசைக்குள்ள நடக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கும், அது சும்மா இல்ல. ஃபிலாக்ஸெராங்கற, கண்ணுக்குச் சரியா தெரியாத அளவு குட்டிப் பூச்சி வேரை உறிஞ்சி கொடியையே கொன்னுடும், அமெரிக்காவுல இருந்து போய் 1860கள்ல இருந்து ஐரோப்பாவோட தோட்டங்களை அழிச்ச பூச்சி, ஆஸ்திரேலியாவுல 1877ல ஜிலாங் பக்கம் வந்துச்சு, யாரா வேலியில 2006ல கண்டுபிடிச்சாங்க. மருந்தே கிடையாது, அமெரிக்க வேர்ல ஒட்டுக்கட்டின கொடியைப் புதுசா நடறது ஒண்ணுதான் வழி. ஷூவுல ஒட்டின மண்ணுலயே ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போயிடும், ஒரே நாள்ல மூணு தோட்டம் போற டூரிஸ்ட் நாமதானே. நடந்து பாக்கணும்னா கைடுகிட்ட கேளுங்க, சுத்தம் பண்ண ஷூவோட அவங்களே கூட்டிட்டுப் போற இடமும் உண்டு.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரிய கதை இருக்கு. ரைரி சகோதரர்கள் மாடுகளை ஓட்டிக்கிட்டு வந்து 1838ல இங்க யெரிங்கற இடத்துல முதல் கொடி நட்டாங்க, 1889 பாரிஸ் கண்காட்சியில யெரிங் வைன் கிராண்ட் பிரீங்கற பெரிய பரிசு வாங்குச்சு, அவ்ளோ பேர் வாங்கினப்புறமும் காலம் மாறி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மாடு மேய விட்டுட்டாங்க. 1960கள் கடைசியிலதான் திரும்ப நட ஆரம்பிச்சாங்க. 1986ல பிரெஞ்சு ஷாம்பேன் கம்பெனியோட ஷாண்டோன் வைனரி வந்து உக்காந்த இடம் கூட முன்ன பால் பண்ணைதான். ஒரு பயிர் ஊரை விட்டே போய் திரும்பி வந்தது விவசாயம் பண்ற உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

கேள்வி (திருச்சி வாசகர்): பாட்டில் வாங்கிட்டு ஊருக்கு வரலாமா?

பதில்: ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் இந்திய கஸ்டம்ஸ்ல வரி இல்ல, அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு. செக்இன் பெட்டியில துணியில சுத்தி வைங்க. பாட்டில் வாங்கினா டேஸ்டிங் காசைக் கழிச்சுக்கற வைனரி நிறைய இருக்கு, காசு கட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

கேள்வி (மெல்பர்ன், ஊர் பேர் வேண்டாம் என்று எழுதிய வாசகி): அக்கா, எங்க வீட்டுக்காரர் ஏற்கனவே தினமும் குடிக்கறார். அவர் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் குடும்பத்தோட யாரா வேலி போறாங்க, எங்களையும் கூப்பிடறாங்க. வெளியில போனா மனசு மாறும்னு தோணுது, ஆனா பயமாவும் இருக்கு. போகலாமா?

பதில்: வேணாம்மா, இந்தத் தடவை போகாதீங்க. மேல நான் எழுதினது எல்லாம் துப்பிட்டு வரக்கூடியவங்களுக்கு, ரெண்டு வாய் போதும்னு கிளாஸைக் கீழ வைக்க முடியறவங்களுக்கு. தினமும் குடிக்காம இருக்க முடியாதவருக்குக் காலையில 10 மணிக்கே கிளாஸைக் கையில குடுக்கற இடம் அது. போதை ஏறினவங்களுக்கு ஊத்தக்கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கு, அப்படி ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அவருக்கு இல்லன்னு சொல்லிட்டா அந்த அவமானமும் கோவமும் வீட்டுக்குத் திரும்பி வந்து உங்க மேல இறங்கும்னு நீங்க பயப்படறது எனக்குப் புரியுது. பசங்களுக்கு அன்னிக்கு வேற புரோகிராம் இருக்குன்னு சொல்லிடுங்க, காரணம் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியமே இல்ல.

1800 250 015ன்னு ஒரு நம்பர் இருக்கு, குடி, போதைப் பிரச்சனைக்கான தேசிய ஹாட்லைன், 24 மணி நேரமும் இலவசம், பேரு சொல்ல வேணாம். குடிக்கறவர்தான் பேசணும்னு இல்ல, வீட்டுல இருக்கறவங்களும் பேசலாம். தமிழ்ல பேசணும்னா முதல்ல 131 450க்குக் கூப்பிட்டு ‘டமில்’னு சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளரை வச்சுக்கிட்டு அந்த நம்பருக்கு இணைச்சுக் குடுப்பாங்க. அவர் வேலைக்குப் போயிருக்கற நேரமா பாத்துக் கூப்பிடுங்க. எனக்கு மறுபடி எழுதுங்க, பத்திரிகையில போட மாட்டேன், பதில் மட்டும் அனுப்பறேன்.